கனவா, சபதமா?

மார்கழி மாலை. மயிலாப்பூரில் ஒரு சபா. வெளியே காண்டீனில் நெய் மணக்கிறது. உள்ளே தம்புரா சுருதி சேர்ந்துவிட்டது. வர்ணம் முடிந்ததும் வித்வான் லேசாகக் கனைத்துக்கொண்டு ஹம்ஸத்வனியை இரண்டு இழை இழுக்கிறார். அவ்வளவுதான்! முன்வரிசை மாமிகளின் வலது கை தானாகவே தொடையில் தாளம் போட ஆரம்பித்துவிடுகிறது. "வாதாபி கணபதிம்" என்ற முத்துஸ்வாமி தீக்ஷிதரின் கிருதிதான் வரப் போகிறது என்று யாருக்குத்தான் தெரியாது?

பாட்டியோடு வந்த பேத்தி காதோடு காதாகக் கேட்கிறாள்:

"பாட்டி, வாதாபின்னா என்ன?"

"அது ஒரு ஊர்டி. பேசாமல் பாட்டைக் கேளு!"

பாட்டி சொன்னது சரிதான். அது ஒரு ஊர். ஆனால் சாதாரண ஊர் அல்ல. அந்த ஊருக்கும் நம் காஞ்சிபுரத்துக்கும் நூறு வருஷத்துக்கு மேல் நீடித்த பகை ஒன்று இருந்தது. தகப்பன் தொடங்கியதை மகன் முடித்தான். மகன் முடித்ததாக நினைத்ததைப் பகைவனின் வம்சத்தார் வந்து மறுபடி திறந்தார்கள். அந்தப் பகையின் ஒரு பகுதியைத்தான் வாரா வாரம் தபால்காரரை எதிர்பார்த்துக்கொண்டு வாசற்படியில் நின்று நம் பாட்டிமார் படித்தார்கள். தாள்களைக் கிழித்துச் சேர்த்து, தைத்து, அட்டை போட்டு, பீரோவில் பட்டுப்புடவைக்குப் பக்கத்தில் வைத்தார்கள்.

பேத்தியின் கேள்விக்குப் பாட்டி கச்சேரி முடிந்த பிறகு பதில் சொல்வதானால் என்ன சொல்லலாம்? அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

இரண்டு ராஜதானிகள்

கர்நாடகத்தில் இன்று பாதாமி என்று வழங்கும் ஊர்தான் வாதாபி. சிவப்புப் பாறைக் குன்றுகளும், நடுவில் ஒரு பெரிய ஏரியும், குடைவரைக் கோயில்களுமாகப் பார்க்க மிகவும் அழகான இடம். ஏழாம் நூற்றாண்டில் அது சளுக்க மன்னர்களின் தலைநகரம். அவர்களில் பெரும் பெயர் பெற்றவர் இரண்டாம் புலிகேசி. அதே சமயத்தில் காஞ்சியில் பல்லவ மகேந்திரவர்மர் ஆண்டார். அவர் பாறையைக் குடைந்து கோயில் செய்தவர். சம்ஸ்கிருதத்தில் ஹாஸ்ய நாடகம் எழுதியவர். சங்கீதத்தில் ஈடுபாடு கொண்டவர். இரண்டு பெரிய ராஜாக்களுக்கு நடுவே எல்லைக்கோடு ஒன்று இருந்தால் அது எத்தனை நாள் சும்மா கிடக்கும்?

புலிகேசி தெற்கே படையெடுத்து வந்தார். 634-ல் அவருடைய கவியான ரவிகீர்த்தி ஐஹொளெ என்ற ஊரில் பொறித்த கல்வெட்டில், பல்லவ மன்னர் காஞ்சிக் கோட்டைச் சுவருக்குப் பின்னால் பதுங்க வேண்டியதாயிற்று என்று பெருமையாகச் சொல்லப்பட்டிருக்கிறது. பல்லவர் பக்கத்துச் செப்பேடோ, மகேந்திரவர்மர் புள்ளலூரில் பகைவரை முறியடித்தார் என்கிறது! இரண்டு வீட்டுச் சண்டையில் இரு தரப்புக் கதையும் இப்படித்தானே இருக்கும்?

மகேந்திரருடைய புதல்வர்தான் நரசிம்மவர்மர். மாமல்லர் என்று பட்டம் பெற்றவர். நாம் ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளோடு போய்வரும் மாமல்லபுரம் அவர் பெயரைத் தாங்கியதே. அவர் புலிகேசியைப் பரியலம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய இடங்களில் புறங்காட்டச் செய்தார் என்று கூரம் செப்பேடு கூறுகிறது. மணிமங்கலம் வேறு எங்கோ இல்லை. தாம்பரத்துக்கு மேற்கே இருக்கிற அதே மணிமங்கலந்தான்! தியாகராய நகரில் காலைக் காப்பி குடித்துவிட்டுப் புறப்பட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். அவ்வளவு பக்கத்தில் ஒரு பெரிய யுத்தம் நடந்த மண் இருக்கிறது.

அதோடு மாமல்லர் நிற்கவில்லை. 642-ஆம் வருஷத்தையொட்டி வாதாபிக்கே படை நடத்திச் சென்று நகரத்தைப் பிடித்தார். "வாதாபி கொண்டான்" என்ற பட்டம் அதனால் வந்தது. பாதாமிப் பாறையிலேயே அவருடைய கல்வெட்டு இருக்கிறது. சிறுத்தொண்ட நாயனார் என்று அறுபத்துமூவரில் ஒருவராக நாம் கும்பிடும் பரஞ்சோதியார், மன்னனுக்காக வாதாபியை அழித்த படைத்தலைவர் என்று பெரியபுராணம் சொல்கிறது. அவர் அங்கிருந்து கொண்டுவந்த பிள்ளையார்தான் வாதாபி கணபதி என்பது செவிவழியாக வரும் செய்தி. அவருடைய ஊரான திருச்செங்காட்டங்குடியிலும் வாதாபி கணபதி உண்டு, திருவாரூரிலும் உண்டு. சபாவில் கேட்கிற ஹம்ஸத்வனிக்குப் பின்னால் இவ்வளவு குதிரைக் குளம்பொலி இருக்கிறது!

சிறையிலிருந்து வந்த கதாசிரியர்

இந்தச் சரித்திரத்தை எடுத்துக் கதையாக்கியவர் ரா. கிருஷ்ணமூர்த்தி. "கல்கி" என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். போராட்டத்தைப் பற்றி எழுதுவதற்கு அவருக்கு முழுத் தகுதி உண்டு. ஒத்துழையாமை இயக்கம் வந்தபோது பள்ளிக்கூடப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு இறங்கியவர் அவர். 1922-லும், 1930-லும், பிறகு தனிநபர் சத்தியாக்கிரகத்தின்போது 1941-லும் சிறைவாசம் செய்தார். வெளியே வந்ததும், நண்பர் சதாசிவத்துடன் சேர்ந்து 1941 ஆகஸ்டில் சொந்தப் பத்திரிகை ஆரம்பித்தார். அதற்கு மூலதனம் சேர்ப்பதற்காக எம். எஸ். சுப்புலக்ஷ்மி "சாவித்திரி" என்ற படத்தில் நாரதராக ஆண் வேஷம் போட்டு நடித்தார் என்பது நேயர்கள் பலருக்கு நினைவிருக்கும்.

அந்தப் புதுப் பத்திரிகையில் 1941 முதல் 1943 வரை வெளிவந்த தொடர்கதைதான் "பார்த்திபன் கனவு". அந்த வருஷங்களைச் சற்று நினைத்துப் பாருங்கள். 1942 ஏப்ரலில் ஜப்பானியர் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டார்கள். சென்னைக்கும் ஆபத்து என்று ஜனங்கள் ஊரைக் காலி செய்தார்கள். மயிலாப்பூரில் தெருத் தெருவாக வீடுகள் பூட்டிக் கிடந்தன. பாத்திரம் பண்டத்தோடும் கைக்குழந்தையோடும் குடும்பங்கள் தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் ரயில் ஏறின. ஆகஸ்டில் "வெள்ளையனே வெளியேறு" போராட்டம். தலைவர்கள் எல்லோரும் சிறையில். பத்திரிகைகளுக்கு ஆயிரம் கட்டுப்பாடு.

அப்படிப்பட்ட சமயத்தில், "கப்பம் கட்ட மாட்டேன்" என்று சொன்ன ஒரு சிற்றரசனின் கதை இதழுக்கு இதழ் வந்தது. ஏழாம் நூற்றாண்டுக் கதைதானே என்று சர்க்கார் விட்டிருக்கலாம். வாசகர்களுக்கோ அது எந்த நூற்றாண்டுக் கதை என்று நன்றாகத் தெரியும்!

பெட்டிக்குள் இருந்த கனவு

அந்தக் கதையில் உறையூர்ச் சோழன் பார்த்திபன் மகாவீரன். ஆனால் சின்ன ராஜ்யத்துக்கு அரசன். பல்லவச் சக்கரவர்த்திக்குக் கப்பம் கட்ட மறுத்துப் போருக்குப் புறப்படுகிறான். ஜயிக்க முடியாது என்பது அவனுக்கே தெரியும். புறப்படுவதற்கு முன் என்ன செய்கிறான்? சிறுவனான மகன் விக்கிரமனைப் பூட்டி வைத்திருந்த ஒரு சித்திர மண்டபத்துக்கு அழைத்துப் போகிறான். அங்கே தான் ரகசியமாக எழுதி வைத்த படங்களைக் காட்டுகிறான். கடல் கடந்து போகும் சோழக் கப்பல்களும், புலிக்கொடி பறக்கும் தூர தேசங்களும் அந்தச் சித்திரங்களில் இருக்கின்றன. இதுதான் என் கனவு, இதை மறக்காதே என்கிறான்.

பார்த்திபன் வெண்ணாற்றங்கரைப் போர்க்களத்தில் மாண்டு போகிறான். பிறகு கனவைக் காப்பாற்றியது யார்? ராணி அருள்மொழி, ஓடக்காரன் பொன்னன், அவன் மனைவி வள்ளி. பரம்பரை வாளும் திருக்குறள் ஏடும் வைத்த ஒரு பெட்டி இருக்கிறது. வாள் மட்டும் இருந்தால் போதாது, குறளும் வேண்டும் என்பதுதான் அந்தப் பெட்டியின் பொருள். மகனை வளர்த்து ஆளாக்கும் வேலையைப் பார்த்திபன் போர்க்களத்தில் செய்யவில்லை. அது அருள்மொழியின் வீட்டு முற்றத்தில் நடந்தது.

இன்னொரு விசேஷம். கதையை இதுவரை படிக்காதவர்கள் மன்னிக்க வேண்டும்! போர்க்களத்தில் உயிர் போகும் தறுவாயில் பார்த்திபன் ஒரு சிவனடியாரிடம் தன் பிள்ளையை ஒப்படைக்கிறான். அந்தச் சிவனடியார் வேறு யாரும் இல்லை. எந்தச் சக்கரவர்த்தியை எதிர்த்துப் பார்த்திபன் போரிட்டானோ, அதே நரசிம்மவர்மர்தான் மாறுவேஷத்தில் இருக்கிறார். பகைவனின் பிள்ளை வீரனாக வளர வேண்டும், சுதந்திர அரசனாக வேண்டும் என்று பாடுபட்டவர் பகைவரே! கடைசியில் தம் மகள் குந்தவியையும் அவனுக்கே கொடுக்கிறார்.

பார்த்திபனும் விக்கிரமனும் கற்பனைப் பாத்திரங்கள். ஆனால் கனவு கற்பனையல்ல. விக்கிரமன் காலத்திலும் அது பலிக்கவில்லை. 850-ஐ ஒட்டி விஜயாலயன் தஞ்சையைப் பிடித்தான்; ராஜராஜன் 985-ல் பட்டத்துக்கு வந்தான்; ராஜேந்திரன் 1025-ல் கடாரத்துக்குக் கப்பற்படை அனுப்பினான். சித்திர மண்டபத்துக் கப்பல்கள் உண்மையாகவே கடல் கடப்பதற்கு ஏறக்குறைய நானூறு வருஷம் ஆயிற்று. அதுவரை எத்தனை தாய்மார் எத்தனை பிள்ளைகளுக்குச் சோறூட்டிக்கொண்டே கதை சொல்லியிருப்பார்கள்!

நாற்சந்தியில் பிறந்த சபதம்

அடுத்து 1944-ல் கல்கி "சிவகாமியின் சபதம்" எழுதத் தொடங்கினார். 1946 வரை வந்தது. முன்கதையில் சக்கரவர்த்தியாக வந்த நரசிம்மர் இதில் இளைஞர். மகேந்திரர், மாமல்லர் என்று தகப்பனும் பிள்ளையுமாக இரண்டு தலைமுறை சளுக்கரோடு போராடுகிற கதை இது. கச்சேரிக்குப் போகிறவர்களுக்கு இதன் ஆரம்பம் மிகவும் பிடிக்கும். காஞ்சியில் சிவகாமியின் நாட்டிய அரங்கேற்றம். சபை மெய்ம்மறந்திருக்கிறது. அப்போது புலிகேசி படையெடுத்து வருகிறான் என்று தூதன் செய்தி கொண்டுவருகிறான்! ஆட்டம் பாதியில் நின்றுவிடுகிறது.

அன்று பாதியில் நின்ற சிவகாமியின் வாழ்க்கை பிறகு நேராகவே இல்லை. அவளைச் சிறைபிடித்து வாதாபிக்குக் கொண்டு போகிறார்கள். அங்கே தமிழ்நாட்டுக் கைதிகளைச் சவுக்கடியிலிருந்து காப்பாற்றுவதற்காக நாற்சந்தியில் அவள் ஆட வேண்டியிருக்கிறது. தெய்வத்துக்கென்று கற்ற கலை தெருவில் ஏலம் போடப்பட்ட மாதிரி அவமானம். அந்த நெருப்பில்தான் சபதம் பிறக்கிறது. மாமல்லர் வந்து இந்த நகரத்தைச் சாம்பலாக்கிய பிறகே இதைவிட்டு வெளியேறுவேன் என்கிறாள். மாமல்லர் மாறுவேஷத்தில் உயிரைப் பணயம் வைத்து அழைத்துப் போக வந்தபோதும் அவள் வர மறுக்கிறாள்! தொடர் வந்த காலத்தில் இந்த இடத்தைப் படித்துவிட்டு, "இந்தப் பெண்ணுக்கு என்ன பிடிவாதம்!" என்று தலையில் அடித்துக்கொள்ளாத வீடு இருந்திருக்காது.

ஒன்பது வருஷம் கழித்து வாதாபி எரிகிறது. சபதம் நிறைவேறிவிட்டது. ஆனால் சிவகாமி காஞ்சிக்குத் திரும்பும்போது மாமல்லருக்குப் பாண்டிய ராஜகுமாரியோடு கல்யாணமாகிக் குழந்தைகளும் இருக்கிறார்கள். அவளுக்கு மிச்சம் ஏகாம்பரநாதர் சந்நிதிதான். நான்காம் பாகத்துக்குக் கல்கி வைத்த பெயர் "சிதைந்த கனவு". வெற்றி பெற்ற கதைக்கு இப்படி ஒரு பெயர்!

இரண்டு புத்தகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் கதையில் பார்த்திபன் தோற்றுவிட்டான். ஆனால் அவன் விட்டுச் சென்றது கனவு. ஆகவே அவன் மகன் வாழ்ந்தான். இரண்டாவது கதையில் பல்லவர் ஜயித்துவிட்டார்கள். ஆனால் சிவகாமியிடம் இருந்தது சபதம். ஆகவே ஜயித்த அன்றே அவள் எல்லாவற்றையும் இழந்தாள். கனவில் குழந்தைக்கு இடம் இருக்கிறது. அது வளர்ந்து தன் இஷ்டப்படி நிறைவேற்றலாம். சபதமோ கடன் பத்திரம் மாதிரி. யாராவது அடைத்தே தீர வேண்டும். வட்டியோ அப்பாவித் தலையில் விழும்.

சிவகாமியைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவமானப்பட்ட பெண்ணுக்குக் கோபம் வருவது நியாயம். அந்தக் கோபத்தால்தான் கைதிகளின் துயரம் காஞ்சிக்குத் தெரிந்தது. ஆனால் நகரம் எரிந்தபோது எரிந்தவர்கள் யார்? சவுக்கைத் தூக்கியவன் மட்டுமா? வாதாபியிலும் கோலம் போட்ட வாசல்கள் இருந்திருக்கும். தூளியில் குழந்தைகள் தூங்கியிருக்கும்.

கல் சொல்லும் முடிவு

நாவல் அங்கே முடிந்துவிடுகிறது. சரித்திரம் முடியவில்லை. எரிந்த ஊரின் பிள்ளைகளும் வளர்ந்தார்கள் அல்லவா?

புலிகேசியின் மகன் முதலாம் விக்கிரமாதித்தன் பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் வாதாபியை மீட்டான். பிறகு காஞ்சியைப் பிடித்து, அதையும் தாண்டிக் காவேரிக் கரைக்கு வந்து, 674-ல் உறையூரில் பாசறை அடித்தான். மாமல்லரின் பேரனான பரமேசுவரவர்மர் பெருவளநல்லூரில் அவனை முறியடித்துத் துரத்தினார். அவருடைய மகன் ராஜசிம்மர்தான் காஞ்சியில் கைலாசநாதர் கோயிலை எழுப்பியவர்.

இன்னும் இரண்டு தலைமுறை போயிற்று. 733-ல் வாதாபியில் இரண்டாம் விக்கிரமாதித்தன் பட்டத்துக்கு வந்தான். எரிந்த நகரத்தின் அரசனான புலிகேசிக்கு இவன் எள்ளுப்பேரன். பெரும் படையோடு வந்து காஞ்சியைப் பிடித்தான். நகரம் அவன் கையில் இருந்தது. நூறு வருஷத்துக் கணக்கைத் தீர்த்துக்கொள்ள ஒரு தீப்பந்தம் போதும்.

அவன் என்ன செய்தான் தெரியுமா? கைலாசநாதர் கோயிலுக்குள் போனான். பாட்டனாரின் பகைவர் கட்டிய கோயில் அது. அதன் செல்வங்களைப் பார்த்தான். அவற்றை அந்தத் தெய்வத்துக்கே திருப்பிக் கொடுத்துவிட்டான். கதையல்ல இது. அந்தக் கோயில் தூணிலேயே கன்னடத்தில் கல்வெட்டாக இருக்கிறது. இன்றும் காஞ்சிக்குப் பட்டு எடுக்கப் போகிறவர்கள் ஓர் அரை மணி ஒதுக்கினால் பார்த்துவிட்டு வரலாம்.

இதற்கு மேலும் ஓர் அதிசயம் இருக்கிறது. அவனுடைய ராணி லோகமகாதேவி, கணவன் காஞ்சியை மூன்று முறை வென்றதற்கு ஞாபகார்த்தமாக, வாதாபிக்குச் சற்றுத் தொலைவில் உள்ள பட்டதக்கல்லில் ஒரு சிவன் கோயில் கட்டினாள். இன்று விருபாக்ஷர் கோயில் என்று பெயர். வெற்றிச் சின்னம்தான்! ஆனால் சிற்பக்கலை வல்லுநர்கள் அதைப் பார்த்துவிட்டு என்ன சொல்கிறார்கள்? காஞ்சிக் கைலாசநாதர் கோயிலின் சாயல் அதில் நன்றாகத் தெரிகிறது என்கிறார்கள். பகைவரின் பொன்னை விட்டுவிட்டு அவர்களுடைய அழகை எடுத்துக்கொண்டு போனார்கள்! சிவகாமியின் தகப்பனாரான சிற்பி ஆயனர், அஜந்தா வர்ண ரகசியத்துக்காக ஏங்கியதாகக் கல்கி எழுதியிருக்கிறார் அல்லவா? அந்த ஏக்கம் எதிர்த் திசையிலும் இருந்திருக்கிறது.

அதோடு பகை அடியோடு மறைந்துவிட்டது என்று சொல்ல முடியாது. அவன் மகன் கீர்த்திவர்மன் இளவரசனாக இருந்தபோதே மறுபடி காஞ்சிமேல் வந்தான். ஆனால் சில வருஷத்துக்குள் ராஷ்டிரகூடர்கள் எழுந்து சளுக்க ராஜ்யத்தையே விழுங்கிவிட்டார்கள். பல்லவரையும் அடுத்த நூற்றாண்டின் கடைசியில் சோழர்கள் முடித்தார்கள். வாதாபி, காஞ்சி இரண்டு அரசும் போயின. நின்றவை இரண்டு கோயில்களும், ஒரு பிள்ளையாரும், ஒரு பாட்டும்தான்.

பீரோவில் இருப்பது

கல்கி 1954 டிசம்பர் 5-ல் காலமானார். 1999-ல் அவருடைய எழுத்துக்கள் நாட்டுடைமையாயின. தியாகராய நகர் வானதி பதிப்பகம் உள்பட எத்தனையோ பதிப்பகங்களின் புத்தகங்கள் கல்யாணப் பரிசாகவும் பிறந்தநாள் பரிசாகவும் வீட்டுக்கு வீடு போயிருக்கின்றன. கிழித்துத் தைத்த பழைய தாள்களும் சில வீடுகளில் இன்னும் உண்டு. தாள் பழுப்பேறி, ஓரம் உதிர்ந்து, பக்கத்தில் பாட்டி எழுதி வைத்த மளிகைக் கணக்கோடு!

நம் வீடுகளிலும் சின்னச் சின்ன வாதாபிகள் இல்லாமலா இருக்கின்றன? பாகப் பிரிவினையில் ஒரு வார்த்தை, கல்யாணத்தில் ஒரு மரியாதைக் குறைவு. "அந்த வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று பெரியவர் ஒருவர் என்றோ சொன்ன சபதம். எதற்காகச் சொன்னார் என்பதுகூட மறந்துவிட்டது. ஆனால் பேரன் பேத்திகள் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தும் பேசிக்கொள்வதில்லை. அந்தப் பெரியவருக்கே ஒரு கனவும் இருந்திருக்கும். பிள்ளைகள் படிக்க வேண்டும், குடும்பம் ஒன்றாக இருக்க வேண்டும் என்று. இரண்டில் எதைக் குழந்தைகள் கையில் கொடுக்கிறோம் என்பது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் சொல்கிற கதையைப் பொறுத்தது. அருள்மொழி பெட்டியைக் காப்பாற்றினாள். லோகமகாதேவி கோயில் கட்டினாள்.

கச்சேரி முடிந்து எல்லோரும் எழுந்திருக்கிறார்கள். பாட்டி செருப்பைத் தேடிக்கொண்டே பேத்தியிடம் சொல்கிறாள்:

"வாதாபி என்னன்னு கேட்டியே? ரொம்ப நாளைக்கு முன்னாலே நாம எரிச்ச ஊர்டி அது. அந்த ஊர்க்காரா திரும்பி வந்தா. கோயிலைப் பார்த்தா. எரிக்காமே போயிட்டா. வீட்டுக்கு வா, மீதியைச் சொல்றேன்."